நேரத்தோடு திரும்புபவர்

மலை உச்சியை மிதிக்காமலே மலையேறி என்று பெயர் வாங்கிய ஓர் இனம் உண்டு. அதற்கு 'நேரத்தோடு திரும்புபவர்' என்று பெயர் வைக்கலாம். மலையும் ஞாயிற்றுக்கிழமையும் உள்ள எந்த நாட்டிலும் இந்த இனம் முளைக்கும் என்றாலும், நார்வேயின் மேற்குப் பள்ளத்தாக்குகளில் அது வளர்கிற செழிப்பு வேறு எங்கும் கிடையாது. காரணம், அங்கே அதற்கு உரம் போட ஒரு விதியே இருக்கிறது. மலைக்குப் போகிறவர்களுக்கென்று அந்த நாட்டார் எழுதி வைத்திருக்கும் விதிகளில் ஒன்று: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நல்ல விதி. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய விதி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குடைகூட நல்ல பொருள்தான். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். மலைப் பாதையில் எல்லோரும் நடந்துகொண்டிருக்கும்போது இவர் மட்டும் நிற்பார். நின்று, மூக்கைக் காற்றில் நீட்டி, ஒரு விரலை நாக்கில் நனைத்து உயர்த்திப் பிடித்து, நாற்பது முறை நடந்த பாதைக்கு வரைபடத்தை எடுத்து விரித்து, அதை ஒரு தடவை திருப்பி, மறுபடி நேராக்கி, கடைசியில் மேற்குத் திசையைப் பார்த்து "ம்ம்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு "ம்ம்" பின்னால் வரும் பத்துப் பேரின் முழங்காலைத் தளர்த்திவிடும்.

லாங்கெடால் பள்ளத்தாக்கில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி எய்லிஃப் லோன்செத். வயது ஐம்பத்தொன்பது. நகராட்சியில் குடிநீர்க் குழாய்களைக் கவனிக்கிற வேலை. ஆனால் அவரைக் குழாய்க்காரர் என்று யாரும் சொல்வதில்லை; மலைக்காரர் என்றுதான் சொல்வார்கள். கோடையில் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து குவிகிற வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒவ்வொரு செவ்வாய் மாலையும் சுற்றுலா நிலையத்தின் கூடத்தில் அவர் பேசுவார். கேட்க வருகிறவர்கள் யார்? ரப்பர் படகில் ஆற்று நுரையில் விழுந்து எழுவதற்கு வந்தவர்கள், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பள்ளத்தின் குறுக்கே தொங்க வந்தவர்கள், துணிச்சிறகு மாட்டிக்கொண்டு பாறை விளிம்பிலிருந்து குதிக்க வந்தவர்கள். அத்தனை பேரும் தலையில் காயாத முடியோடும் முழங்காலில் கட்டோடும் உட்கார்ந்து எய்லிஃப் சொல்வதை வாய் பிளந்து கேட்பார்கள்.

அவர் படம் போட்டுக் காட்டுவார். "இது தொண்ணூத்தி நாலு ஈஸ்டர். உச்சிக்கு நாப்பது மீட்டர் இருக்கறப்ப திரும்பினேன்." அடுத்த படம். "இது ரெண்டாயிரத்தி மூணு. அந்த மேகத்தப் பாருங்க, ரொட்டி மாதிரி. பாத்ததும் திரும்பிட்டேன்." அடுத்த படம். அடுத்த திரும்பல். பயணிகள் பெருமூச்சு விடுவார்கள். ஒரு படத்தில்கூடப் புயல் இருக்காது. ஏனென்றால் புயல் வருவதற்கு முன்பே அவர் திரும்பிவிட்டார். வந்ததா என்று கேட்கிறீர்களா? அது வேறு விஷயம். இன்னொன்றும் உண்டு. எல்லாப் படத்திலும் சிகரம் இருக்கும். சிகரத்திலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. இத்தனை ஆண்டுகளில் இதை ஒருவர்கூடக் கவனித்ததில்லை.

கவனிக்காததற்குக் காரணம் அந்த ஊர் வழக்கம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சிகரம் ஏறிவிட்டு வந்து திங்கட்கிழமை கடையில் சொல்லிப் பாருங்கள். "அப்படியா" என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது, அடுத்து உருளைக்கிழங்கு விளைச்சல். "திரும்பிட்டோம்" என்று சொல்லுங்கள். கடையே அமைதியாகிவிடும். உங்கள் கோப்பையில் காப்பி ஊற்றப்படும். எங்கே, எப்போது, எதைப் பார்த்து என்று மெல்லிய குரலில் கேட்பார்கள். ஏறியவனுக்குக் கால் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பியவனுக்கு அறிவு இருக்கிறது என்று அர்த்தம். திரும்பியவனிடம் ஏன் என்று எதிர்க் கேள்வி கேட்பதோ, சிரித்த முகத்துடன் குழந்தையைக் காட்டுகிற தாயிடம் அது அசிங்கமாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். செய்யவே கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் நகரத்திலிருந்து வந்த ஒரு பொறியாளர் கேட்டுவிட்டார். அவரை அப்புறம் யாரும் கிறிஸ்துமஸ் கஞ்சி விருந்துக்குக் கூப்பிடவில்லை.

இப்படிப்பட்ட ஊரில், நடையர் சங்கத்தின் ஆகஸ்ட் மாத மலையேற்றத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகத் தலைவர் யாராக இருப்பார்? சொல்லவும் வேண்டுமா. மலையின் பெயர் கிரோநூட்டன். உயரம் ஆயிரத்து நானூற்று அறுபது மீட்டர். வழியெல்லாம் பாறையில் சிவப்பு அடையாளம் போட்டிருக்கும். நடக்கத் தெரிந்தவர்கள் ஏறிவிடலாம். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் சங்கம் சிகரத்தை அடைந்தது எத்தனை முறை? எய்லிஃபுக்குக் காய்ச்சல் வந்து வேறொருவர் கூட்டிப்போன அந்த ஒரு முறை.

அந்த ஒரு முறையும் போர்கில்ட் போகவில்லை. அவள் அப்போது வேலையில் இருந்தாள், அன்று பேருந்து ஓட்டும் முறை.

போர்கில்ட் தைத்தே, வயது எழுபத்தொன்று. கீழே படகுத்துறைக்கும் மேலே அணைக்கட்டுக்கும் இடையே முப்பத்தோரு ஆண்டு பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற மறு ஆண்டே சங்கத்தில் சேர்ந்தாள். அவளுக்குச் சிகரமெல்லாம் பொருட்டில்லை. கிரோநூட்டன் உச்சியில் நின்றால் அந்தச் சாலை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், இரண்டு முனையும் சேர்ந்து. பாதி ஆயுளை ஓட்டிக் கழித்த சாலையை ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஐந்து முறை எய்லிஃபோடு போனாள். ஐந்து முறையும் பாதியில் திரும்பினாள். முதல் ஆண்டு பனிமூட்டம், நியாயம். இரண்டாம் ஆண்டு காற்று. மூன்றாம் ஆண்டு காற்று வரப்போகிற அறிகுறி. நான்காம் ஆண்டு காற்றே இல்லாதது எய்லிஃபுக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாம் ஆண்டு யாருடைய காலணி நாடாவோ அறுந்தது. அறுந்த நாடாவுக்கு மாற்று நாடா எட்டுப் பேர் பையிலும் இருந்தது. அது வேறு கதை.

ஆறாவது ஆண்டு, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, காலை எட்டு மணிக்கு மலையடி வண்டி நிறுத்தத்தில் ஒன்பது பேர் கூடினார்கள். சங்கச் செயலாளர் ஒட்னி பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

"கால் எப்படியிருக்கு போர்கில்டக்கா?"

"ரெண்டுல ஒண்ணு நல்லாத்தான் இருக்கு."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"செப்டம்பர்ல இடுப்பு மூட்ட மாத்திடறாராம். அப்புறம் சமதரையில ஜோரா நடக்கலாமாம், கல்லுல ஏறக் கூடாதாம். அதனால இன்னைக்கு விட்டா எனக்கு வேற நாள் கிடையாது."

இதை எல்லோருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள். முப்பத்தோரு ஆண்டு கடைசி இருக்கை வரை கேட்கும்படி பேசிப் பழகிய குரல். எய்லிஃப் குனிந்து காலணி நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகியிருந்த நாடா.

"எய்லிஃப், ஆறாவது தடவப்பா. இந்தத் தடவ மேகத்துக்கிட்டயே சொல்லி வெச்சிட்டேன், வராதேன்னு."

"மலை எங்கயும் ஓடிப் போகாது போர்கில்ட்."

"மலை ஓடாது. என் இடுப்புதான் ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். எய்லிஃபும் சிரித்தார். சிரித்துவிட்டு வானத்தைப் பார்த்தார். என்ன சொல்வது, அப்படி ஒரு நீலம் அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று கோடைக்கு ஒரு தடவைதான் வரும். துடைத்து வைத்த தட்டு போல இருந்தது.

புறப்பட்டார்கள். கோயில் வாசலில் தொலைத்த செருப்பைத் தேடுகிறவர் போல எய்லிஃப் ஒவ்வொரு வளைவிலும் மேகத்தைத் தேடினார். மேற்கே பார்த்தார், இல்லை. வடக்கே பார்த்தார், இல்லை. பையிலிருந்து காற்றளக்கும் கருவியை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தார். அதன் சிறு காற்றாடி அசையவே இல்லை. பிடித்த கையை லேசாக ஆட்டிப் பார்த்தார். அப்போது கொஞ்சம் சுற்றியது. பின்னால் ஆள் வருவது தெரிந்ததும் உள்ளே வைத்துவிட்டார்.

மேகம் கைவிட்டால் கடிகாரம் இருக்கிறது. "ரெண்டு மணிக்குள்ள தோளுக்குப் போயிடணும், இல்லன்னா திரும்பணும்" என்று அறிவித்தார். தோள் என்பது சிகரத்துக்குச் சற்றுக் கீழே உள்ள அகன்ற மேடு. அறிவித்த கையோடு, ஒன்பதரைக்குக் காப்பி என்றார். பத்தேகாலுக்கு மறுபடி காப்பி. பதினொன்றுக்கு ஆரஞ்சும் சாக்லேட்டும். பதினொன்றரைக்குப் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. ஒவ்வொரு முறையும் எட்டுப் பேர் தங்கள் பையிலிருந்து சதுரமான மெத்தைத் துண்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த நாட்டில் ஒருவர் அடையாள அட்டை இல்லாமல் மலைக்குப் போவார், மெத்தைத் துண்டு இல்லாமல் போகமாட்டார். ஒன்பது பேரில் ஒருத்தி மட்டும் உட்காரவில்லை.

"நீங்கல்லாம் குடிச்சிட்டு வாங்க. நான் மெதுவா முன்னாடி போறேன்" என்று ஒவ்வொரு முறையும் போர்கில்ட் கோலை ஊன்றி நடந்துவிட்டாள். நொண்டிப் பெண்பிள்ளை முன்னால் போகிறாள். மற்றவர்கள் எவ்வளவு நேரம் காப்பி குடிப்பார்கள்? இரண்டு வாயில் குடித்துவிட்டு எழுந்தார்கள். மணி பன்னிரண்டு நாற்பதுக்கெல்லாம் எல்லோரும் தோளில் இருந்தார்கள். சிகரம் அவர்கள் தலைக்கு மேலே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது. அங்கே போக ஒரு பாறைச் சுவர். சுவரில் பதினான்கு இரும்புப் படிகள் அடித்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் மாட்டியிருந்தார்கள். படிக்கு மேலே நடந்தால் பதினைந்து நிமிடம்.

எய்லிஃப் நின்றார். மூக்கை நீட்டினார். விரலை நனைத்தார்.

"ம்ம்."

பைகள் திறந்தன. மெத்தைத் துண்டுகள் விழுந்தன. ஏழு பேர் உட்கார்ந்தார்கள். போர்கில்ட் கோலில் சாய்ந்து நின்றாள். பன்னிரண்டு எட்டு எடுத்து வைத்தால் படி.

அந்த ஆண்டுக் குழுவில் யோஸ்ட் என்று ஒரு ஹாலந்துக்காரன் இருந்தான். சுற்றுலாவுக்கு வந்தவன், செவ்வாய்க்கிழமைப் பேச்சைக் கேட்டுவிட்டு ஆசையோடு சேர்ந்துகொண்டவன். சமவெளியில் பிறந்தவன் ஆனதால் மலை நாகரிகம் தெரியாது.

"எதுக்குத் தலைவரே நிக்கறோம்?"

"பாக்கறேன்."

"என்னத்த?"

"மேற்கால."

எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். மேற்கே கடல்வரை கண்ணாடி போல இருந்தது.

"ஒண்ணும் இல்லையே."

"அதான்" என்றார் எய்லிஃப்.

அப்போது படியிலிருந்து ஒரு போர்த்துக்கீசிய இளம் ஜோடி இறங்கி வந்தது. இருவர் காலிலும் கடைத்தெருவுக்குப் போட்டுப் போகிற துணிக் காலணி. அந்தப் பெண் கையில் பாதி தின்ற வாழைப்பழம். "மேல அருமையா இருக்கு. சீக்கிரம் போங்க" என்று சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் காதுக்கு எட்டாத தூரம் போகும்வரை எய்லிஃப் காத்திருந்தார்.

"அதிர்ஷ்டம். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

யோஸ்ட் தலையைத் தவிர மற்ற ஆறு தலைகளும் ஆடின. கூட்டத்தில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். நமக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். அவர் மனைவி, தன் கணவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். மற்றவர்கள், இந்த இருவரும் சும்மா இருக்கிறார்கள் என்றால் விஷயம் இருக்கும் என்று நினைத்தார்கள். புத்திசாலிகள் ஒன்பது பேர் சேர்ந்தால்தான் இப்படி ஒரு முட்டாள்தனத்தை நிதானமாக, மெத்தை போட்டு உட்கார்ந்து, செய்ய முடியும்.

"திரும்பிடலாம். திரும்பறதுல வெட்கமில்ல" என்றார் எய்லிஃப்.

"ஏன்?" என்றான் யோஸ்ட்.

ஒட்னி தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள். பல் மருத்துவர் இருமினார்.

"நிலைமை" என்றார் எய்லிஃப்.

"என்ன நிலைமை?"

"மொத்தமாப் பாத்தா."

"மொத்தமாத்தான் பாக்கறேன் தலைவரே. வெயில் அடிக்குது."

"வெயில நம்பிச் செத்தவங்க இருக்காங்க."

"இங்கயா?"

"பொதுவா."

யோஸ்ட் மேலும் கேட்டிருப்பான். அதற்குள் போர்கில்ட் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எய்லிஃப், நான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். பனி மூடினப்ப திருப்பிருக்கேன். கல்லு உருண்டப்ப திருப்பிருக்கேன். கடைசி ஸ்டாப் கண்ணுக்குத் தெரியறப்ப, ரோடும் நல்லா இருக்கறப்ப, ஒரு தடவகூடத் திருப்பினதில்ல. அப்படித் திருப்பிருந்தா, உள்ள உக்காந்திருக்கறவங்க எனக்குப் பைத்தியம்னுதான சொல்லிருப்பாங்க?"

அவள் படியின் பக்கம் திரும்பிக் கோலை ஊன்றினாள்.

"நீ திரும்பறதுன்னா திரும்புப்பா. நான் போறேன்."

"குழுவப் பிரிச்சுக்கிட்டுப் போகக் கூடாது. அதுவும் விதிதான்."

"அப்ப நீயும் வா."

எய்லிஃப் இரும்புப் படிகளைப் பார்த்தார். இருபத்து மூன்று வயதில் ஒருநாள், தனியாக, இதே போல ஒரு நல்ல வெயிலில், அவர் அந்தப் படியில் கால் வைத்தார். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாம் படியில் நின்று இரண்டு பாதங்களுக்கும் நடுவே கீழே பார்த்தார். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்க மறுத்துவிட்டன. எப்படி இறங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. மறுநாள் கடையில், "திரும்பிட்டேன், காத்து சரியில்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கடை அமைதியானது. காப்பி ஊற்றப்பட்டது. ஊரின் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு பயத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து முப்பத்தாறு ஆண்டுகள் அந்தக் காற்றையே விற்றுப் பிழைத்தார். உச்சிக்குப் போயிருக்கிறேன் என்று ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. போயிருக்கிறீர்களா என்ற கேள்வி வராமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பயப்படுவது குற்றமா? இல்லை. பயந்தவன் ஊரையே கூட்டிக்கொண்டு வந்து, பத்தொன்பது ஆண்டு, தன் மூன்றாம் படியிலேயே நிறுத்தி வைப்பதற்கு என்ன பெயர்?

"வா" என்றாள் போர்கில்ட் மறுபடி.

"ஒருத்தர் கீழ இருக்கணும்" என்றார் எய்லிஃப்.

"சரி, இரு."

அவள் நடந்தாள். யோஸ்ட் எழுந்தான். "எங்க ஊர்ல பாலம்தான் பெரிய மலை. இவ்ளோ தூரம் வந்துட்டு ஏறாமப் போனா வீட்ல சேர்க்க மாட்டாங்க" என்று அவள் பின்னால் போனான். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே. கலகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் கலகம் செய்ய மாட்டார்கள். தலைவர் தவறு என்று ஒருவர் சொல்லவில்லை. "போர்கில்டக்காவுக்குத் துணைக்கு ஒரு பொம்பள வேணுமில்ல" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் ஒட்னி மெத்தையை மடித்தாள். "இடுப்புல ஏதாவது ஆச்சுன்னா ஒரு மருத்துவர் இருக்கறது நல்லது" என்றார் பல் மருத்துவர். பல்லுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அவர் மனைவி அவருக்குத் துணை. மற்ற மூவரும் ஒன்றும் சொல்லாமல், வழியில் காசு கிடப்பதைப் பார்த்தவர்கள் போலக் குனிந்தபடியே போனார்கள். எய்லிஃப் தனியாக நின்றார். அவரைச் சுற்றி ஏழு சதுரங்களாகப் புல் அமுங்கிக் கிடந்தது.

போர்கில்ட் கோலை முதுகுப்பையில் செருகினாள். நல்ல காலை முதல் படியில் வைத்து, உடம்பை இழுத்து, கெட்ட காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். பிறகு மறுபடி நல்ல கால். ஒவ்வொரு படியையும் அவள் இரண்டு தடவை ஏற வேண்டியிருந்தது. கீழே யோஸ்ட் ஒரு கையைத் தூக்கி, தொடாமல், தயாராக நின்றான். ஏழு, எட்டு. ஒன்பதாவது படியில் நின்றுவிட்டாள். சங்கிலியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் முதுகு ஏறி இறங்குவது தோளிலிருந்தே தெரிந்தது.

எய்லிஃப் இரண்டு அடி முன்னால் வந்தார். அந்த நொடியில் அவர் மனதில் இருந்தது என்ன? கவலை என்று எழுத ஆசைதான். ஆனால் அது இல்லை. இவள் இப்போது திரும்பினால் நான் சொன்னது சரியாகிவிடும்; இதுதான் இருந்தது. ஒரு கிழவி தன் ஆயுளின் கடைசி வாய்ப்பில் ஒன்பதாவது படியில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் இறங்க வேண்டும் என்று ஒரு மலைத் தலைவர் கீழே நின்று மனதுக்குள் வேண்டிக்கொள்கிறார். இந்த இனத்தை இதைவிடத் துல்லியமாகப் படம் எடுக்க முடியாது.

"பத்து" என்று யோஸ்ட் எண்ணியது காதில் விழுந்தது. பதினொன்று. பன்னிரண்டு. பதினான்காவது படிக்கு மேலே அவளுடைய சிவப்புச் சட்டை விளிம்பில் ஒரு தடவை தெரிந்து, உள்ளே போய் மறைந்தது.

எய்லிஃப் கீழே இறங்கினார்.

வண்டி நிறுத்தத்தில் மடக்கு மேசை போட்டு, சங்கத்துப் பெண்கள் இருவர் வாஃபிள் என்கிற கட்டம் போட்ட அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஒற்றையாக வருவதைப் பார்த்ததும் ஒருத்தியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"மத்தவங்க எங்க?"

"மேல இருக்காங்க. நான் நேரத்தோட திரும்பிட்டேன்."

"நல்ல முடிவு" என்றாள் அவள். யோசித்துச் சொன்னதில்லை, தும்மினால் வாழ்த்துவது போல வாய் தானாகச் சொன்னது.

"ஒருத்தர் கீழ இருக்கணுமில்ல. மேல ஏதாவது ஆச்சுன்னா தகவல் சொல்ல."

"அதானே. அத யாரு யோசிக்கறாங்க" என்றாள் மற்றவள். முதல் வாஃபிளும், அதன் மேல் போட வேண்டியதைவிட அதிகமான பழக்கூழும் அவர் தட்டுக்கு வந்தது.

மூன்றரை மணிக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். வெயிலில் முகம் சிவந்திருந்தது, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போர்கில்டை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைப் பெட்டி மேல் தூக்கி வைத்தார்கள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"ரோடு முழுசாத் தெரிஞ்சுது. ரெண்டு முனையும்." அவள் வாஃபிளை மடித்து ஒரு கடி கடித்தாள். "நாப்பத்தேழு வளைவுன்னு இத்தன வருஷமா சொல்லிட்டிருந்தேன். எண்ணிப் பாத்தேன். நாப்பத்தெட்டு இருக்கு. ஒண்ண எண்ணாமலே ஓட்டிருக்கேன்."

"அப்படியா" என்றார்கள் வாஃபிள் பெண்கள். அப்புறம் இருவரும் எய்லிஃப் பக்கம் திரும்பினார்கள். "நீங்க எதப் பாத்துத் திரும்பினீங்க எய்லிஃப்?"

எய்லிஃப் கோப்பையைக் கீழே வைத்தார். மேற்கே பார்த்தார். சொல்லத் தொடங்கினார். வெயிலின் நிறம், காற்றின் அமைதி, அந்த அமைதிக்குள் இருந்த ஏதோ ஒன்று, இருபதாண்டு அனுபவம் இருந்தால் மட்டுமே தெரிகிற ஏதோ ஒன்று. வாஃபிள் பெண்கள் கேட்டார்கள். பல் மருத்துவரும் கேட்டார். சிகரத்தில் நின்று, எல்லாத் திசையும் பார்த்து, ஒன்றுமில்லை என்று கண்ணால் கண்டு வந்தவர். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். யோஸ்ட் மட்டும் இரண்டாவது வாஃபிளை வாங்கிக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போய்விட்டான்.

கூட்டம் மேசையை மடக்கும் நேரத்தில் போர்கில்ட் எய்லிஃபைக் கூப்பிட்டாள். எழுந்திருக்கக் கை கொடுக்கச் சொன்னாள். அவர் கையைப் பிடித்தபடி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள். அப்படியும் அவளுக்குப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

"பதினாலு படிதாம்ப்பா. மூணாவதுல நின்னு கீழ பாக்கக் கூடாது, அவ்ளோதான்."

எய்லிஃபின் கை இறுகியது. "மூணாவதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எல்லாருக்கும் மூணாவதுதான். எனக்கும் பயம் அங்கதான் வந்துச்சு."

"ம்ம்" என்றார் எய்லிஃப். இந்தத் தடவை மேற்கே பார்க்கவில்லை.

திருந்தினாரா என்று கேட்பீர்கள். இந்த இனம் திருந்தாது. திருந்துவதற்குப் பாதி வழி போய்த் திரும்பிவிடும். சங்கத்தின் ஆண்டறிக்கையில் ஒட்னி இப்படி எழுதினாள்: "இவ்வாண்டு நடையில் எட்டுப் பேர் சிகரத்தை அடைந்தனர். தலைவர் நேரத்தோடு திரும்பினார். எவருக்கும் சேதமில்லை." அக்டோபர் கூட்டத்தில் எய்லிஃபையே இருபதாவது முறையாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்த்து ஓட்டு இல்லை. போர்கில்ட் புது இடுப்போடு மருத்துவமனையில் படுத்திருந்தாள்.

எங்கோ வடக்கே, குளிர்நாட்டில், யாரோ ஒரு குழாய்க்காரர் என்று சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். நீச்சல் கற்றுக்கொள்ளப் போய், தண்ணீரின் நிறம் சரியில்லை என்று கரையேறியது யார்? பெண் கேட்கப் போகிற வீட்டு வாசல்வரை போய், விளக்கு மங்கலாக எரிகிறது, இன்று வேண்டாம் என்று வந்தவர் யார்? அதைப் பின்னாளில் நாலு பேரிடம் பக்குவம் என்று விவரித்து, அந்த நாலு பேரும் தலையாட்டியதைப் பார்த்து, நாம் பயந்தோம் என்பதையே மறந்துபோனவர் யார்? அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். போர்கில்ட் உச்சிக்குப் போய்விட்டாள் என்று தெரிந்த இடத்திலேயே, சாரம் புரிந்துவிட்டது, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று புத்தகத்தை மூட உங்கள் கை போயிற்றா, இல்லையா? மூடியவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, அவர்கள் எழுந்து போயாகிவிட்டது. அவர்களில் பாதிப் பேர் இந்நேரம் யாரிடமாவது இந்தக் கதையின் முடிவு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.